மங்கலா, மெருகா? பழைய பிரிட்டிஷ் பிரஸ்டு கிளாஸின் மேற்பரப்பைப் படிப்பது எப்படி

(பாட்காஸ்ட் அத்தியாயத்தின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். வாசிப்புக்கு ஏற்றபடி சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

 

போன அத்தியாயத்துக்குப் பிறகு ஒரு சகோதரி எழுதியிருந்தாங்க. இங்கிலாந்தில் இருக்கிறார். வீட்டுக்காரரின் பாட்டி வைத்திருந்த பச்சை நிறப் பூச்சாடி ஒன்று இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. சாடி முழுக்க மங்கலாக இருக்கிறது. 'இது அழுக்கா, இல்லை இப்படித்தான் செய்தார்களா? நன்றாகத் தேய்த்துக் கழுவினால் பளிச்சென்று வருமா, அல்லது தேய்த்தால் போச்சா?' இதுதான் கேள்வி.

நல்ல கேள்வி. ஏனென்றால் இதற்குத் தப்பான பதில் சொன்னால் திரும்பிப் போக வழி கிடையாது. கண்ணாடியின் மேற்பரப்பு ஒருமுறை போனால் போனதுதான். இன்னொரு பக்கம், தொழிற்சாலையில் வேண்டுமென்றே மங்கலாக்கிய ஒரு பொருளும், பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டுக் கெட்டுப்போன ஒரு பொருளும், கடை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே விலையில் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் இன்றைக்கு முழுக்க மேற்பரப்பைப் பற்றி மட்டும் பேசலாம். என்னென்ன மெருகு உண்டு, எப்படிச் செய்தார்கள், எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிக் காப்பாற்றுவது.

முதலில், அச்சில் என்ன நடக்கிறது?

பிரஸ்டு கிளாஸ் என்றால் அச்சில் அழுத்திச் செய்த கண்ணாடி. உருகிய கண்ணாடியை ஒரு கம்பியில் எடுத்து, இரும்பு அச்சுக்குள் தேவையான அளவு விழவிட்டு, கத்தரியால் வெட்டுவார்கள். பிறகு ஒரு நெம்புகோலை இழுத்தால் உலக்கை மாதிரி ஒரு இரும்புத் தண்டு உள்ளே இறங்கும். கண்ணாடி பக்கவாட்டில் ஏறி அச்சை நிரப்பும். வெளிப்பக்கத்துக்கு அச்சின் பூவேலை கிடைக்கும். உள்பக்கம் அந்தத் தண்டின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். ஊதிச் செய்வதற்குப் பல வருடப் பயிற்சி வேண்டும். இதில் கைத்திறனில் பெரும்பங்கு அச்சு வெட்டுபவரிடம் போய்விடுகிறது.

இந்த முறை 1820களில் அமெரிக்காவில் வளர்ந்தது. 1830களில் பிரிட்டனுக்கு வந்தது. ஆனால் அங்கே அப்போது கண்ணாடிக்கு எடை பார்த்து வரி போட்டார்கள். அச்சுக் கண்ணாடியோ கனமானது. 1845இல் அந்த வரியை எடுத்த பிறகுதான் தொழில் மூச்சுவிட்டது. பிறகு இங்கிலாந்தின் வடகிழக்கில் கேட்ஸ்ஹெட், சண்டர்லாண்ட், அந்தப் பக்கம் மான்செஸ்டர், இவையெல்லாம் பிரஸ்டு கிளாஸுக்குப் பேர்போன ஊர்களாயின. கேட்ஸ்ஹெட்டில் சவர்பி, டேவிட்சன். சண்டர்லாண்டில் கிரீனர். மான்செஸ்டரில் மாலினோ வெப், டார்பிஷயர். இந்தப் பேர்கள் இன்றைக்குத் திரும்பத் திரும்ப வரும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். சூடான கண்ணாடி, அதைவிடக் குளிர்ந்த இரும்பைத் தொட்டவுடன் தோல் சுருங்குகிறது. பால் ஆறும்போது மேலே ஆடை சுருங்குமே, கிட்டத்தட்ட அது மாதிரி. மேற்பரப்பில் மெல்லிய அலைகள், சுருக்கங்கள், ஒரு மந்தமான தோற்றம் வந்துவிடும். அச்சைக் கூடுதலாகச் சூடாக்கினால் கண்ணாடி இரும்பில் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலை.

இந்தச் சுருக்கத்தை மறைக்க ஆரம்பகாலத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள். பூவேலைக்கு இடையில் இருக்கும் வெற்றிடம் முழுக்கப் பொடிப் பொடிப் புள்ளிகளை அச்சிலேயே வெட்டிவிட்டார்கள். வெளிச்சம் அந்தப் புள்ளிகளில் பட்டுச் சிதறும்போது சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது. பார்க்க லேஸ் துணி மாதிரி இருக்கும். இதைப் பார்த்து 'மங்கல் மெருகு' என்று சிலர் நினைப்பார்கள். அது அச்சின் வேலை. பின்னால் யாரும் வந்து செய்தது இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் வழவழவென்று, சின்னக் குமிழ் மாதிரி தெரியும்.

தீ மெருகு

இரண்டாவது வழி, நெருப்பு. அச்சிலிருந்து வெளியே வந்த பொருளை ஒரு கம்பியின் நுனியில் இருக்கும் பிடியில் மாட்டி, கடுமையான சூடுள்ள சிறு உலையின் வாயில் காட்டுவார்கள். மேல்தோல் மட்டும் லேசாக இளகும். சுருக்கம் மறையும், அச்சு சேர்ந்த இடத்தின் கோடு மங்கும், பளபளப்பு வரும். இதுதான் தீ மெருகு. நல்ல பிரிட்டிஷ் பிரஸ்டு கிளாஸின் அடிப்படை மெருகே இதுதான்.

இது விட்டுச்செல்லும் அடையாளம் என்ன? ஓரங்கள். சக்கரம் வைத்து வெட்டிய கட் கிளாஸில் ஓரம் கூராக இருக்கும். தீ மெருகு பட்ட பிரஸ்டு கிளாஸில் ஓரம் சற்று உருகி, சோப்புக் கட்டியை இரண்டு நாள் உபயோகித்த மாதிரி மென்மையாக இருக்கும். விரலை ஓட்டிப் பாருங்க, தெரியும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கட் கிளாஸையும் பிற்காலத்தில் அமிலத்தில் முக்கி மெருகேற்றினார்கள். அப்படிச் செய்தால் அதன் ஓரமும் கொஞ்சம் மழுங்கும். அதனால் ஓரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அச்சுக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்க. பெரும்பாலும் இரண்டு, மூன்று அல்லது நான்கு கோடுகள் சம இடைவெளியில் கீழிருந்து மேலே போகும். தீ மெருகு நன்றாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நகத்துக்குத் தெரியும்.

ஃப்ராஸ்டட்: அமிலமும் மணலும்

இப்போது நம் சகோதரியின் சாடிக்கு நெருக்கமான விஷயம். வேண்டுமென்றே மங்கலாக்குவது. ஃப்ராஸ்டட், சாட்டின், மேட், எல்லாம் ஏறக்குறைய ஒன்றைத்தான் சொல்கின்றன. இதற்கு முக்கியமாக இரண்டு வழி உண்டு.

ஒன்று அமிலம். கண்ணாடியைக் கரைக்கும் அமிலம் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். 1771இல் ஸ்வீடனில் ஷீலே அதை விவரித்தார். இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுட்பம் இருக்கிறது. வெறும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்கினால் கண்ணாடி கரையும், ஆனால் பரப்பு ஓரளவு தெளிவாகவே இருக்கும். மங்கல் வேண்டுமென்றால் அந்த அமிலத்தோடு அம்மோனியம் போன்றவற்றின் ஃபுளோரைடு உப்புகள் சேர வேண்டும். அப்போது பொடிப் படிகங்கள் பரப்பில் அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். படிகம் உட்கார்ந்த இடம் தப்பிக்கும், பக்கத்து இடம் கரையும். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உருவாகும். வெளிச்சம் அதில் சிதறுவதால்தான் நமக்கு மங்கல். தொழிலில் இதை 'வெள்ளை அமிலம்' என்பார்கள். அதே ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தோடு கந்தக அமிலத்தைச் சேர்த்தால் நேர்மாறாக, பளபளப்பு கிடைக்கும். கட் கிளாஸ் மெருகு என்று சற்று முன் சொன்னேனே, அது இந்தக் கலவைதான்.

இரண்டாவது வழி மணல். அழுத்தக் காற்றிலோ நீராவியிலோ மணலைப் பாய்ச்சி அடிப்பது. அமெரிக்காவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மேன் 1870இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இங்கே வேதியியல் கிடையாது, வெறும் அடிதான். ஒவ்வொரு மணலும் ஒரு சின்னக் குழியைப் பெயர்த்தெடுக்கும்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? தொட்டுப் பாருங்க. அமில மங்கல் பட்டுத்துணி மாதிரி இருக்கும், விரல் வழுக்கிக்கொண்டு போகும். மணல் மங்கல் வறண்டு, சாக்பீஸ் மாதிரி விரலைப் பிடிக்கும். வெளிச்சத்தில் அமில மங்கல் மிருதுவாக ஒளிரும். மணல் மங்கல் கொஞ்சம் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். விரல் எண்ணெயும் மணல் பரப்பில் சீக்கிரம் கறையாகப் படியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் மணல் பரப்பில் உடைந்த குழிகள் தெரியும். அந்த லென்ஸ் பெரிய விலையில்லை, இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

பொருளின் ஒரு பகுதி பளபளப்பாகவும் ஒரு பகுதி மங்கலாகவும் வேண்டுமென்றால்? பளபளக்க வேண்டிய இடத்தில் மெழுகு மாதிரி அமிலம் அரிக்காத ஒரு பூச்சைத் தடவிவிட்டு அமிலத்தில் இறக்குவார்கள். அல்லது முழுவதையும் மங்கலாக்கிவிட்டு, மேடான இடங்களைச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

மான்செஸ்டர்க்காரர்களுக்கு மங்கலும் பளபளப்பும் சேர்ந்த அழகு மிகவும் பிடித்திருந்தது. மாலினோ வெப் 1860களில் செய்த கிரேக்கக் கோலப் பட்டை போட்ட பாத்திரங்களில் இதைப் பார்க்கலாம். ஜான் டார்பிஷயர் 1874இல் பதிவு செய்த படுத்திருக்கும் சிங்கம், லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் லாண்ட்சீர் வடித்த சிங்கங்களைப் பார்த்துச் செய்தது. அது தெளிந்த கண்ணாடியிலும் உண்டு, மங்கலாக்கியதும் உண்டு. மங்கலாக்கிய சிங்கத்தைக் கையில் வாங்கினால் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று புரியும். தெளிந்த கண்ணாடியில் வெளிச்சம் ஊடுருவிப் போய்விடுவதால் பிடரி மயிரும் முகமும் குழம்பித் தெரியும். மங்கலாக்கியவுடன் சிலை மாதிரி உருவம் எழுந்து நிற்கும். ஆக, இங்கே மங்கல் வெறும் அலங்காரம் மட்டுமில்லை. உருவத்தைக் கண்ணுக்குக் காட்டுகிற வேலையும் அதுதான் செய்கிறது.

1930கள்: சாட்டின் காலம்

உங்கள் வீட்டு அலமாரியிலோ கார் பூட் சேலிலோ கிடைக்கும் மங்கல் பொருட்கள் பெரும்பாலும் 1930களைச் சேர்ந்தவை. டிரஸ்ஸிங் டேபிளுக்கான தட்டு, பவுடர் டப்பா, மெழுகுவர்த்தித் தாங்கி சேர்ந்த செட்டுகள். பூ வைக்கும் கிண்ணத்தின் நடுவில் நிற்கும் பெண் உருவங்கள். பச்சை, இளஞ்சிவப்பு, அம்பர், நீலம்.

யார்க்ஷயரில் நாட்டிங்லி ஊரில் இருந்த பேக்லி கம்பெனி இதில் பெரிய பேர். அவர்களுடைய ஆண்ட்ரோமெடா உருவத்தைத் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. சண்டர்லாண்டில் கிரீனரின் தொழிற்சாலை ஜாப்லிங் கைக்குப் போயிருந்தது. 1921இல் பைரக்ஸ் செய்யும் உரிமையை வாங்கிய அதே ஜாப்லிங்தான். அவர்கள் 1930களில் ஓப்பலிக் என்ற பெயரில், பிரான்சின் லாலிக் பாணியைப் பின்பற்றி, நீலம் கலந்த பால் ஒளி வீசும் பொருட்களைச் செய்தார்கள். டேவிட்சன் தன்னுடைய கிளவுட் கிளாஸையும் பளபளப்பாக ஒன்று, அமிலத்தில் மங்கலாக்கி ஒன்று என்று இரண்டு விதமாகவும் விற்றது.

ஒரு சிக்கல் சொல்லியாக வேண்டும். இந்தக் காலத்துப் பொருட்கள் பலவற்றில் முத்திரையே கிடையாது. ஜெர்மனியின் வால்தர், செக்கோஸ்லோவாக்கியக் கம்பெனிகள் எல்லாம் இதே மாதிரி சாட்டின் பெண்களையும் செட்டுகளையும் செய்து பிரிட்டனில் விற்றன. 'மங்கலான பச்சைக் கண்ணாடி, முப்பதுகள், அப்போ பேக்லிதான்' என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், தலையாட்டுங்க. ஆனால் அந்தக் காலத்து கேட்டலாக்கின் படத்தோடு வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் பேக்லி விலையைக் கொடுக்காதீங்க. மெருகை வைத்து எந்தக் காலம் என்று சொல்லலாம். எந்தக் கம்பெனி என்று சொல்ல அது போதாது.

வானவில் பூச்சு

மூன்றாவது வகை, கார்னிவல் கிளாஸ். மயில் கழுத்து மாதிரி, தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் மாதிரி நிறம் மாறி மாறி மின்னும். சூடாக இருக்கும் கண்ணாடியின் மேல் வெள்ளீயம், இரும்பு போன்ற உலோகங்களின் உப்புக் கரைசலைத் தெளிப்பார்கள். மிக மெல்லிய உலோக ஆக்சைடுப் படலம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் திரும்பும் வெளிச்சங்கள் ஒன்றோடொன்று மோதி நிறத்தைக் காட்டும். அமெரிக்காவில் ஃபென்டன் கம்பெனி 1907 வாக்கில் இதை ஆரம்பித்தது. பிரிட்டனில் சவர்பி 1920களில் இறங்கியது. கார்னிவல் என்ற பெயர் பின்னால் வந்தது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஒன்று இருக்கிறது. சவர்பி இதற்கென்று எல்லா அச்சையும் புதிதாக வெட்டவில்லை. கிடங்கில் இருந்த விக்டோரியா காலத்துப் பழைய அச்சுகளை எடுத்தார்கள், அழுத்தினார்கள், மேலே வானவில் பூச்சு அடித்தார்கள். அதனால் 1876இல் பதிவு செய்த அவர்களுடைய மயில் தலை முத்திரையைத் தாங்கிய கார்னிவல் துண்டு உங்களுக்குக் கிடைக்கலாம். முத்திரையைப் பார்த்தால் விக்டோரியா காலம். பூச்சைப் பார்த்தால் 1920கள். எது உண்மை? பூச்சுதான்.

பதிவு முத்திரைக்கும் இதே விதிதான். 1842 முதல் 1883 வரை சாய்சதுர வடிவ முத்திரை. அதன் உச்சியில் ரோமன் எண் மூன்று இருந்தால் கண்ணாடி வகை. 1884 முதல் வெறும் எண். இந்த அடையாளம் டிசைன் பதிவான நாளைத்தான் சொல்கிறது. உங்கள் கையில் இருக்கும் துண்டு எந்த நாளில் உலையிலிருந்து வந்தது என்று அது சொல்லாது. அச்சுக்கு ஆயுள் அதிகம். காலத்தைச் சொல்ல வேண்டுமென்றால் முத்திரையையும் மேற்பரப்பையும் சேர்த்துப் படிக்கணும்.

பூச்சு மாதிரி இருக்கும், பூச்சு இல்லை

மூன்று பொருட்களைப் பார்த்து 'மேலே ஏதோ அடித்திருக்கிறார்கள்' என்று நினைப்போம். ஆனால் அது கண்ணாடியின் உடம்புக்குள்ளேயே இருக்கும்.

முதலாவது, டேவிட்சனின் பேர்ல்லைன். 1889இல் காப்புரிமை. நீலம், பிரிம்ரோஸ் என்ற எலுமிச்சை மஞ்சள், இந்த இரண்டும் பிரபலம். விளிம்பு மட்டும் பால் வெள்ளை. வெள்ளைப் பெயின்ட் தடவின மாதிரியே தெரியும். உண்மையில் கண்ணாடிக் கலவையே அப்படிப்பட்டது. அச்சிலிருந்து எடுத்து, சற்று ஆறிய விளிம்பை மறுபடி சூட்டில் காட்டினால் அந்த இடம் மட்டும் வெண்மையாகும். நகத்தால் சுரண்டினால் வராது.

இரண்டாவது, கிளவுட் கிளாஸ். 1923 முதல் டேவிட்சன் செய்தது. அழுத்துவதற்கு முன்பே, உருகிய கண்ணாடியில் அடர்நிறக் கண்ணாடி இழைகளை ஓடவிடுவார்கள். அச்சில் அழுத்தும்போது அது மேகம் மாதிரி விரியும். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

மூன்றாவது, யுரேனியம் கண்ணாடி. புற ஊதா டார்ச் அடித்தால் அடர் பச்சையாக ஒளிரும். ஒளிர்வது பரப்பு மட்டும் இல்லை, முழு உடம்பும்தான். கார்னிவல் பூச்சையோ மங்கலையோ வைத்து யுரேனியம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. டார்ச் அடித்தால்தான் தெரியும்.

இதற்கு நேர்மாறான வகையும் உண்டு. கண்ணாடி முழுக்கக் குளிர்ந்த பிறகு தூரிகையால் தீட்டிய வண்ணமும், சூட்டில் சரியாகப் பிடிக்காத தங்கக் கோடும். இவை வெறும் மேலொட்டு. சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நாளில் உரிந்துவிடும். ஒரு பொருளின் பள்ளங்களில் மட்டும் வண்ணத் துணுக்கு ஒட்டியிருந்தால், ஒரு காலத்தில் முழுக்க வண்ணம் இருந்தது என்று அர்த்தம். அதைச் 'சுத்தம்' செய்யாதீர்கள். அந்தத் துணுக்குதான் மிச்சமிருக்கும் சாட்சி.

செய்ததா, கெட்டதா?

சரி, சகோதரியின் சாடிக்கு வருவோம். மங்கல் மூன்று காரணத்தால் இருக்கலாம். தொழிற்சாலையில் செய்தது. தண்ணீரின் சுண்ணாம்பு படிந்தது. கண்ணாடியே அரிக்கப்பட்டது. இதில் நடுவில் இருப்பதை மட்டும்தான் நீக்க முடியும்.

முதலில் எங்கே மங்கல் என்று பாருங்க. தொழிற்சாலை மங்கல் ஒழுங்காக இருக்கும். வெளிப்பக்கம் முழுக்கவோ, இரண்டு பக்கமுமோ, அல்லது டிசைனைப் பின்பற்றியோ. எல்லை தெளிவாக இருக்கும். சுண்ணாம்பு என்றால் சாடியின் உள்ளே, தண்ணீர் நின்ற மட்டத்தில் வளையமாக இருக்கும். பாத்திரம் கழுவும் மெஷினால் வந்த அரிப்பு திட்டுத் திட்டாக, எல்லை இல்லாமல், சில சமயம் மெல்லிய வானவில் மினுக்கோடு தெரியும். அந்த மினுக்கைக் கார்னிவல் என்று நினைத்துவிட வேண்டாம்.

அடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்க. நனைந்த இடத்தில் மங்கல் குறையும். ஏனென்றால் தண்ணீர் அந்தச் சின்னப் பள்ளங்களை நிரப்பி வெளிச்சம் சிதறுவதைக் குறைக்கிறது. இது மங்கல் பரப்பில்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். மூன்றில் எது என்று சொல்லாது. ஆனால் கடையில் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். காலைப் பனியிலோ தூறலிலோ நனைந்த கண்ணாடி நல்லதாகத் தெரியும், வீட்டுக்கு வந்து காய்ந்ததும் மங்கும். சிலர் எண்ணெய் தடவியும் வைப்பார்கள். அதனால் பையில் ஒரு உலர்ந்த துணி வைத்திருங்க. துடைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்க.

மூன்றாவது, வினிகர். வண்ணமோ தங்கமோ வானவில் பூச்சோ இல்லாத பொருளுக்கு மட்டும். வெள்ளை வினிகரில் நனைத்த பஞ்சை, கண்ணில் படாத ஒரு சின்ன இடத்தில் சிறிது நேரம் வைத்து, கழுவி, நன்றாகக் காயவிடுங்க. காய்ந்த பிறகு தெளிந்திருந்தால் அது சுண்ணாம்பு. பாக்கியையும் இப்படியே எடுத்துவிடலாம். தெளியவில்லை என்றால் ஒன்று தொழிற்சாலை மெருகு, இல்லையென்றால் அரிப்பு. இரண்டிலும் தேய்ப்பதால் பலன் இல்லை.

மெஷினில் ஏன் கெடுகிறது? சூடு, நீண்ட நேரம், காரத்தன்மையுள்ள சோப்புத்தூள். இந்த மூன்றும் சேர்ந்து கண்ணாடியின் சிலிக்கா வலையையே மெதுவாகக் கரைக்கின்றன. அழுக்குப் படிவது இல்லை இது, கண்ணாடி குறைவது. அதனால்தான் கழுவிச் சரிசெய்ய முடியாது. பழைய பிரஸ்டு கிளாஸை ஒருமுறை கூட மெஷினில் போடாதீர்கள்.

எப்படிக் கழுவுவது, எதைச் செய்யவே கூடாது

வெதுவெதுப்பான தண்ணீர். பிளாஸ்டிக் தொட்டி, அடியில் ஒரு துண்டு. மென்மையான பாத்திர சோப்பு இரண்டு சொட்டு. கையில் மோதிரம், வளையல் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்க. குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றினால் வெடிக்கும், கனமான பொருளுக்கு இந்த ஆபத்து அதிகம். மங்கல் பரப்பில் படிந்த கைக்கறைக்கு மென்மையான டூத்பிரஷ் போதும். நம் வீடுகளில் பித்தளைக்குப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிற கை, கண்ணாடியைப் பார்த்தாலும் அப்படித்தான் போகும். வேண்டாம். சாம்பல், கம்பி நார், பச்சை ஸ்க்ரப்பர் எல்லாம் கீறும். மங்கலான பரப்பில் கீறல் விழுந்தால் பளபளப்பான கோடாகத் தெரியும், அதை மறைக்க முடியாது.

அதே காரணத்தால், மங்கல் பொருளில் உதிர்ந்த விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்திருந்தால் கண்டுபிடிப்பது எளிது. தேய்த்த இடம் பளபளக்கும், அல்லது வேறு விதமாக மங்கும். விளிம்பைச் சுற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் போதும்.

கடைசியாக ஒன்று, இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்றேன். 'வீட்டிலேயே அமிலத்தால் மறுபடி மெருகேற்றலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோல் வழியாக உள்ளே போகும். பட்டவுடன் வலிக்காமலும் இருக்கலாம், பல மணி நேரம் கழித்துத் தெரியும். அதற்குள் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்தையே பாதிக்கும். அந்தக் காலத்துத் தொழிலாளிகள் இந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுதான் நம் அலமாரியில் இருக்கும் பட்டு மெருகைக் கொடுத்தார்கள். அதை நாம் மறக்கக் கூடாது. ஒரு பூச்சாடிக்காக நாம் அந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது.

சகோதரி, உங்கள் சாடியின் படங்களைப் பார்த்தேன். மங்கல் வெளிப்பக்கம் முழுக்க ஒரே சீராக இருக்கிறது, உள்பக்கம் தெளிவு, விளிம்பில் எல்லை நேராக நிற்கிறது. படத்தை வைத்துச் சொல்ல முடிந்தவரை அது செய்த மங்கல்தான். உள்ளே கீழ்ப்பகுதியில் தெரியும் வெள்ளை வளையம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது. வினிகரால் அதை மட்டும் எடுத்துப் பாருங்க. வெளிப்பக்கத்தை விட்டுவிடுங்க. பாட்டி வைத்திருந்தபோதும் அது அப்படித்தான் இருந்திருக்கும்.

கேட்ஸ்ஹெட் பக்கம் போகிறவர்கள் ஷிப்லி ஆர்ட் கேலரியில் அந்த ஊர்க் கண்ணாடிகளைப் பார்க்கலாம். நல்ல நிலையில் இருக்கும் மெருகை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், கெட்டதைக் கண் தானாகக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்த அத்தியாயத்தில் முத்திரைகளைப் பற்றி விரிவாகப் பேசலாம். சாய்சதுரத்துக்குள் இருக்கும் எழுத்துகளை எப்படிப் படிப்பது, மயில், சிங்கம், கோட்டை எல்லாம் யாருடையவை என்று. உங்கள் வீட்டுக் கண்ணாடியின் அடிப்பாகத்தைப் படமெடுத்து அனுப்புங்க.